மனையில் உட்காரப் போகிறவளைக் கேட்டுப் பூ வாங்குங்கள்: வீட்டிலேயே வளைகாப்பு

போன தை மாதம் என் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. மண்டபம் வேண்டாம், அவள் மாமியார் வீட்டு ஹாலிலேயே வைப்போம், அலங்காரம் முழுக்க நாமே செய்வோம் என்று முடிவானது. வந்தவர்கள் நாற்பது பேருக்குள். முடிந்த பிறகு சொந்தத்தில் இரண்டு மூன்று பேர், "எப்படிச் செஞ்சீங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. நான் வளைகாப்பை வைத்து எழுதுகிறேன். காது குத்து, பூப்பு நீராட்டு, அறுபதாம் கல்யாணம் எதுவானாலும் பூ வாங்குகிற கணக்கும் நேரக் கணக்கும் இதேதான்.

பூ, துணி, தட்டு எதையும் தொடுவதற்கு முன்னால், அன்றைக்கு மனையில் உட்காரப் போகிறவளிடம் போய்ப் பேசுங்கள். இதை யாரும் செய்வதில்லை. அவளுக்காகத்தான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டே அவளைக் கேட்காமல் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் என் அக்கா மகளுக்கு மண்டபத்தில் வளைகாப்பு நடந்தது. அலங்காரத்துக்கு ஆள் வைத்திருந்தோம். மேடை முழுக்கப் பிளாஸ்டிக் பூ. மணம் வேண்டும் என்று அதன் மேல் சென்ட் அடித்திருந்தார்கள். நாற்காலிக்கு நேராக இரண்டு போகஸ் லைட். அரை மணி நேரத்தில் அவளுக்கு வியர்த்துக் கொட்டி, குமட்டி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. வளையல் போட வந்தவர்கள் வரிசையில் நிற்க, அவளை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தோம். அந்த ஆல்பத்தை அவள் இன்றுவரை பிரித்துப் பார்ப்பதில்லை. அப்போதே மனதில் வைத்துக்கொண்டேன், இனி நம் வீட்டில் ஒரு பிள்ளையை இப்படி உட்கார வைக்கக்கூடாது என்று.

அதனால் பாப்பாவிடம் (அண்ணன் மகளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன்) மூன்று விஷயம் கேட்டேன். எந்த வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, எவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார முடியும், பக்கத்தில் யார் இருக்க வேண்டும்.

"மல்லி வேணும் அத்தை. ரோஸும் ஊதுபத்திப் புகையும் வேணாம், குமட்டுது" என்றாள். சரி, பன்னீர் ரோஜா கிடையாது, பன்னீர்ச் செம்பு வாசலோடு சரி, சந்தனத்தைத் தண்ணீர் விட்டே குழைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் உட்காரலாம், அதற்கு மேல் இடுப்பு வலிக்கும் என்றாள். மூன்றாவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முதல் வளையல் அம்மா கையால போடணும்" என்றாள்.

அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிறது. எங்கள் மதினி அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை, அவர்களாகவே அடுப்படிக்குள் போய்விடுவார்கள். பெற்ற பிள்ளையின் வளைகாப்புக்கும் அடுப்படியிலேயே நிற்க வேண்டுமா என்று எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

இப்படி ஏதாவது உங்கள் வீட்டிலும் இருந்தால், அதை விசேஷத்தன்று பேசாதீர்கள். அன்றைக்கு நாலு பெரியவர்கள் நாலு விதமாகச் சொல்வார்கள், சம்பந்தப்பட்டவர் அழுதுகொண்டு உள்ளே போய்விடுவார். பதினைந்து நாளுக்கு முன்னாலேயே, முடிவு சொல்லக்கூடிய ஒரே ஆளிடம், நேரில் போய்ச் சொல்லுங்கள். நான் பாப்பாவின் மாமியார் வீடு இருக்கிற கூடல்நகருக்குப் பஸ் ஏறிப் போய்ச் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். ஹாலை அளக்க வந்ததாகத்தான் போனேன். அளந்து முடித்துக் காபி குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பெத்தவ கையை விட எந்தக் கை ராசியான கை? முதல் வளையல் அவங்க, ரெண்டாவது நான்" என்றார்கள். எனக்கு அங்கேயே பாதி விசேஷம் முடிந்த மாதிரி இருந்தது. வேறு யாராவது கேட்டால் தானே பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்கள், அப்படியே சொன்னார்கள்.

அடுத்தது இடம்.

பின்னால் தொங்கவிடத் துணி வாங்க வேண்டியதில்லை. வீட்டுப் பீரோவில் இருக்கிறது. என் அம்மா, அதாவது பாப்பாவின் அப்பத்தா, உடுத்திய சுங்குடிச் சேலைகள் நாலு என்னிடம் இருந்தன. அரக்கு, பச்சை, மஞ்சள், இன்னொரு அரக்கு. சுங்குடி எங்கள் ஊர் மதுரையின் சேலை, 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியது. உண்மையான சுங்குடியில் புள்ளி ஒவ்வொன்றும் துணியைக் கிள்ளி நூலால் சுற்றிக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்தது, தடவிப் பார்த்தால் கட்டின இடம் சின்னதாகப் புடைத்துத் தெரியும். பாப்பா சின்ன வயதில் அப்பத்தா மடியில் படுத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளைத்தான் எண்ணுவாள். கடையில் வாங்குகிற நெட் துணிக்கு இது வருமா?

சேலை ஏறக்குறைய 18 அடி. நடுவில் மடித்துக் கம்பியில் போட்டால் இரண்டு பக்கமும் 9 அடி இறங்கும். அகலம் 4 அடிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று சேலையை லேசான கொசுவம் வைத்துத் தொங்கவிட்டால் 9 அடிச் சுவர் நிறையும், நாலாவதை மேலே வளைவாகக் கட்டலாம். கம்பியை 8 அடி உயரத்தில் கட்டுங்கள், கீழே மிஞ்சுகிற ஒரு அடியை உள்ளே மடித்துவிடுங்கள், தரையில் புரண்டால் காலில் சிக்கும். ஆணி அடிக்கத் தேவையில்லை. ஜன்னல் கிரில்லில் இருந்து எதிர் ஜன்னல் கிரில் வரை நைலான் கயிறு கட்டி, நடுவில் தொய்யாமல் இருக்க ஒரு மூங்கில் கழியைச் சேர்த்துக் கட்டினோம். பழைய சேலையில் சேப்டி பின் குத்தாதீர்கள், இழை விட்டுவிடும். துணி கிளிப் போதும், கிளிப்புக்கும் சேலைக்கும் நடுவே ஒரு துண்டுத் துணி வையுங்கள்.

குத்துவிளக்கு இந்தச் சேலைகளுக்கு மூன்று நாலு அடி தள்ளி, காற்றாடி வேகம் படாத பக்கம் இருக்கட்டும். ஏற்றின பிறகு விளக்கைப் பார்த்துக்கொள்ள என்று ஒரு ஆளை நியமித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் என் மகன்.

உட்கார மனைப்பலகை வேண்டாம், கை வைத்த நாற்காலி. முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு சின்ன முக்காலி, மனைப்பலகையை அந்த முக்காலி மேல் வைத்தால் சம்பிரதாயமும் ஆச்சு. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, அதே பூச்சரத்தை அதற்கும் சுற்றினோம், மதினிக்கு.

பூ வாங்குகிற கணக்கு

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மல்லிகை ராத்திரிப் பூ. விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பார்கள், அன்று சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேல்தான் வாய் திறக்கும். காலை பத்தரை மணி விசேஷத்துக்கு அன்று காலையில் வாங்கின மல்லி, விசேஷம் முடிகிற வரை வெள்ளை மொட்டாகவே இருக்கும். பார்க்க முத்து மாதிரி இருக்கும், ஹால் முழுக்க மணக்காது. காலையிலேயே மணம் வேண்டும் என்றால் மரிக்கொழுந்தும் சம்பங்கியும் சேருங்கள். சாயங்கால விசேஷம் என்றால் வேறு எதுவுமே வேண்டாம், மல்லி ஒன்றே போதும்.

இன்னொன்று மாதம். பங்குனி, சித்திரையில் மல்லி கொட்டும். மார்கழி, தையில் பனி விழுந்தால் மொட்டு பிடிக்காது, அதே சமயம் பொங்கலும் முகூர்த்தங்களும் சேர்ந்து வரும். வெயில் காலத்தில் கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பூ, தை முகூர்த்தத்தில் 3,000 ரூபாயைத் தாண்டிவிடும். எங்கள் வளைகாப்பு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நாங்கள் ஊர்க்காரர்கள் என்பதற்காக விலை குறைத்துத் தர மாட்டார்கள்.

அதனால் மல்லி அரைக் கிலோவோடு நிறுத்திக்கொண்டோம், தலையில் வைப்பதற்கு மட்டும். சுவருக்கும் வாசலுக்கும் செவ்வந்தி. பனிக்காலம் செவ்வந்திக்கு நல்ல பருவம், பூ பெரிதாக, கெட்டியாக வரும். கூடவே செண்டுப்பூ, சம்பங்கி, கோழிக்கொண்டை, வாடாமல்லி. கோழிக்கொண்டையின் அரக்கு நிறம் அம்மாவின் சேலை நிறத்தோடு அப்படியே போனது. அதற்காகவே ஒரு சேலை நுனியை மார்க்கெட்டுக்குக் கையில் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து வாங்கினேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், போனில் எடுத்த படத்தில் நிறம் சரியாகத் தெரியாது.

அரளி மட்டும் வேண்டாம். விலை மலிவு, சரம் நீளமாக வரும், எல்லாம் சரி. ஆனால் அரளிச் செடி முழுக்க விஷம். தவழ்கிற பிள்ளைகள் வருகிற வீட்டில், கைக்கு எட்டுகிற உயரத்தில் அதைக் கட்டக்கூடாது.

மல்லியும் மரிக்கொழுந்தும் தவிர மற்றதெல்லாம் முதல் நாளே வாங்கலாம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் சனிக்கிழமை காலை போய்ச் செவ்வந்தி, செண்டு, சம்பங்கியை முடித்துவிட்டு, ஞாயிறு விடிகாலை திரும்பவும் போய் மல்லி வாங்கினோம். மொட்டை அள்ளிப் பாருங்கள். காம்பு பச்சையாக, மொட்டு கெட்டியாக இருந்தால் புதிது. காம்பு பழுப்பாகி, நுனி லேசாகப் பிரிந்திருந்தால் முந்தின நாள் பூ. கையில் ஈரம் சொதசொதவென்று ஒட்டினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வாங்கினதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். ஒரு காது குத்துக்கு நான் அப்படி வைத்து, ஒரு கிலோ மொட்டும் உள்ளே வியர்த்துக் காலையில் பழுப்பாகிப் போய்விட்டது, அந்தக் குழந்தைக்குத் தலையில் வைக்கக் கடைசி நேரத்தில் தெருமுனையில் சரம் வாங்கினோம். வாழை இலையில் பரப்பிச் சுருட்டி, அதன் மேல் பிழிந்த ஈரத்துணி. செவ்வந்தியையும் செண்டையும் மூங்கில் கூடையில் காற்றாட வையுங்கள், தண்ணீர் தெளிக்கவே வேண்டாம்.

அளவு கேட்பீர்கள். எங்களுக்கு வந்த கணக்கைச் சொல்கிறேன். கால் கிலோ மல்லி மொட்டை நெருக்கிக் கட்டினால் ஆறு ஏழு முழம் வந்தது. செண்டுப்பூ ஒரு கிலோவை நடுவில் ஊசி விட்டு ஒட்ட ஒட்டக் கோத்தால் நாலு மீட்டர், கொஞ்சம் கூட. வந்த பெண்கள் இருபத்தைந்து பேருக்கு ஆளுக்கு அரை முழம் கொடுக்கவே பன்னிரண்டு முழத்துக்கு மேல் வேண்டும். வெறும் மல்லியால் முடியாது என்று, மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து கலந்து கதம்பமாகக் கட்டினோம். பாப்பாவுக்கும் மதினிக்கும் மட்டும் தனி மல்லி.

கட்டத் தெரியாதவர்கள் கடைசி நிமிடம் வரை பூக்காரம்மாவையே நம்பி இருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும். நூலை விட வாழைநார் நல்லது, மொட்டுக் காம்பை அறுக்காது. நாரைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்துக்கொள்ளுங்கள். நார் நுனியை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். இரண்டு மொட்டு, தலை இடது பக்கம் பார்க்க. அதன் மேல் இரண்டு மொட்டு, தலை வலது பக்கம் பார்க்க. நாலு காம்பும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று விழும். நாரை அந்தக் காம்புகளைச் சுற்றி ஒரு சுற்று. அப்புறம் வலது கை விரலில் நாரைத் திருப்பி ஒரு கண்ணி போட்டு, அந்தக் கண்ணிக்குள் காம்புகளை விட்டு, இடது பக்கமாக இழுத்து இறுக்குங்கள். இழுக்கும்போது 'கிச்' என்று ஒரு சின்னச் சத்தம் நார் சொல்லும், அதோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் காம்பு முறியும். முதல் முழம் கோணல் மாணலாகத்தான் வரும். அதைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு அடுத்ததைக் கட்டுங்கள். எனக்கு என் அம்மா கற்றுக்கொடுத்தது இப்படித்தான், கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே கட்டுவார்கள், கையைப் பார்க்கவே மாட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூடல்நகர் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து, இரண்டு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து செண்டும் செவ்வந்தியும் கோத்தோம். மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். கல்யாணத்தன்று கும்பிடு போட்டதோடு சரி என்றிருந்த சொந்தங்கள் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் உண்மையாகப் பேசிப் பழகினோம். வேலை மிச்சம் என்று கோத்த சரமாகவே வாங்கிவிடாதீர்கள், இதற்காகவாவது.

தட்டுக்கும் மேசைக்கும் வாழைத்தண்டு

பூவைக் குத்தி நிறுத்தப் பச்சை ஸ்பாஞ்ச் விற்கிறார்கள். அது வேண்டாம், மக்காது. அதைவிட நல்லது வாழைத்தண்டு. வாசலுக்கு வாழைமரம் கட்டச் சொல்லும்போதே கூடுதலாக ஒரு தண்டு கேட்டு வாங்குங்கள். மேல் மட்டையை இரண்டு சுற்று உரித்து, ஒரு அடித் துண்டாக அரிவாளால் நறுக்கி, அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவி நிறுத்துங்கள். தென்னை ஈர்க்குச்சியின் ஒரு நுனியில் பூவைச் செருகி, மறு நுனியைத் தண்டில் குத்த வேண்டும். தண்டு முழுக்க நீர் என்பதால் சாயங்காலம் வரை பூ வாடாது.

கீழே வாடாமல்லி ஒரு வளையம், அதற்கு மேல் செவ்வந்தி, உச்சியில் ஒரே ஒரு கோழிக்கொண்டை. இப்படி ஐந்து செய்து வளையல் தட்டுகளுக்கு நடுவில் வைத்தோம். ஈர்க்குச்சியை நேராகக் குத்தாமல் கொஞ்சம் மேல் நோக்கிச் சாய்த்துக் குத்துங்கள், பூவின் பாரத்தில் கீழே வழிந்துவிடாது. தண்டு நறுக்கின இடத்தில் இருந்து நீர் கசியும், துணியில் பட்டால் கறை போகவே போகாது. அடியில் இலையோ தட்டோ கட்டாயம்.

சீர்த் தட்டு ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். நாங்கள் ஒன்பது வைத்தோம். அதில் ஒரு தட்டில் அம்மாவின் பித்தளை வெற்றிலைப் பெட்டியைப் புளி போட்டு விளக்கி, அதற்குள் மஞ்சள் குங்குமம் வைத்தேன். இறந்தவர்கள் படத்தை வளைகாப்பு ஹாலில் வைக்கப் பெரியவர்கள் தயங்குவார்கள், அதைப் போய் வாதாட வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர்கள் புழங்கின பொருள் ஒன்று இருந்தால் போதும். அண்ணனுடைய பேனாவை வைத்துத்தான் விருந்தாளிகள் வாழ்த்து எழுதுகிற நோட்டில் எல்லாரும் எழுதினார்கள். பாப்பாவுக்கு அது தெரியும், மற்ற யாருக்கும் சொல்லவில்லை.

தரையில் பூ இதழ் கொட்டிக் கோலம் போடுவது இப்போது எல்லா இடத்திலும் பார்க்கிறேன். டைல்ஸ் தரையில் இதழ் நசுங்கினால் எண்ணெய் மாதிரி வழுக்கும். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி நடக்கிற இடத்தில் அது கூடவே கூடாது. இதழ் ஆசை இருந்தால் உருளியில் தண்ணீர் நிரப்பி அதில் போட்டு, நடைபாதையை விட்டுத் தள்ளி ஒரு மூலையில் வையுங்கள். கோலத்துக்கு மாக்கோலம். ஒரு டம்ளர் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்து, பழைய வேட்டித் துணித் துண்டை அதில் நனைத்துப் பிடித்து, மோதிர விரல் வழியாக இழை இழையாக விடுங்கள். போடும்போது ஒன்றும் தெரியாது, காயக் காய வெள்ளையாக எழுந்து வரும். ஓரத்துக்குக் காவி. முதல் நாள் ராத்திரியே எல்லாரும் படுத்த பிறகு போட்டுவிட்டால் காலையில் நன்றாகக் காய்ந்திருக்கும், ஒருவரும் மிதிக்க மாட்டார்கள்.

மாவிலைத் தோரணம் பற்றி எழுத அதிகம் இல்லை. இளசும் வேண்டாம், முற்றலும் வேண்டாம், நடுத்தர இலை. ஈரத்துணியால் துடைத்து, காம்புப் பக்கத்தைச் சணல் கயிற்றின் மேல் மடித்து ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் ஆயிற்று.

வளையல்

எழுகடல் தெருவில் வாங்கினோம். வளையல் அளவில் 2.4, 2.6 என்று சொல்வது தசமக் கணக்கு இல்லை. 2.4 என்றால் இரண்டு அங்குலமும், அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் நாலு பங்கும். அதாவது குறுக்களவு இரண்டேகால் அங்குலம். பாப்பா எப்போதும் போடுவது 2.4. ஏழாம் மாதத்தில் கை கொஞ்சம் வீங்கியிருக்கும் என்பதால் 2.6 வாங்கினோம், சரியாக இருந்தது. மாதமானவளின் கையைப் பிசைந்து சின்ன வளையலை ஏற்றுவது பெரிய வேதனை, உடைந்தால் சகுனம் என்று வேறு ஆரம்பிப்பார்கள். தட்டில் அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு வளையலையும் விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள், ஒட்டு சரியாக இல்லாதது கீறும், எடுத்துவிடுங்கள்.

பச்சையும் சிவப்பும் எல்லாரும் வாங்குவது. அத்தோடு பாப்பாவுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு டஜன். முதலில் போடும் வேப்பிலைக் காப்புக்கு அவள் பிறந்த வீட்டு வாசல் மரத்திலேயே இளங்குச்சி ஒடித்து வந்தேன். அண்ணன் நட்டது. கொழுந்துக் குச்சியை வளைத்து மஞ்சள் நூலால் சுற்றினால் காப்பு. முந்தின ராத்திரியே செய்து ஈரத்துணியில் வையுங்கள், காய்ந்தால் வளையும்போது முறியும்.

வருகிறவர்களுக்கு 2.4, 2.6, 2.8 மூன்றும் கலந்து வாங்கி, அளவு வாரியாகத் தனித்தனித் தட்டில் வைத்து, ஒரு அட்டையில் எழுதி நட்டுவிடுங்கள். பை எல்லாம் மஞ்சப்பை. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பை, பிளாஸ்டிக் பூசின தட்டு, டம்ளர் எல்லாம் தடை, அந்தக் கணக்கு ஒரு பக்கம். துணிப்பையை வந்தவர்கள் வீட்டில் வைத்துப் புழங்குவார்கள். கடையில் அச்சடிக்கக் கொடுக்காமல், வெண்டைக்காயை நறுக்கிக் காவியில் தொட்டு ஒவ்வொரு பையிலும் பிள்ளைகளை விட்டுப் பூப்பூவாகக் குத்தச் சொன்னோம். அறுபது பை, மூன்று பிள்ளைகள், ஒரு மத்தியானம்.

அன்றைக்கு

விடிகாலை மல்லி வந்ததும் நாலு பேர் கட்ட உட்கார்ந்தோம், எட்டுக்குள் முடிந்தது. எட்டரைக்குச் சேலையின் மேல் சரம் கட்டினோம். இதை முதல் நாள் செய்ய வேண்டாம், காற்றாடிக் காற்றில் செவ்வந்தி கூட நுனி கருகும். மேலிருந்து ஏழு சரம், நடுவில் நீளம் குறைவாக, இரண்டு ஓரமும் நீளமாக. நடுவில் அவள் தலை வரும் இடத்தை வெறுமையாக விட்டோம், அங்கே அரக்குச் சேலையும் அதன் புள்ளிகளும் மட்டும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இதை நீங்களும் செய்யுங்கள். எதிரே நின்று பார்த்தால் அழகு தெரியும், உட்கார்ந்து பார்த்தால்தான் ஜன்னல் வெயில் கண்ணில் அடிப்பதும், சம்பங்கி மூக்குக்கு மிக அருகில் இருப்பதும் தெரியும். வெயிலுக்கு ஒரு வேட்டியை மறைப்பாகக் கட்டினோம், சம்பங்கியை ஓரத்துக்கு மாற்றினோம்.

பத்தரைக்குப் பாப்பாவை உட்கார வைத்தோம். மதினி புதுச்சேலை கட்டி, கூப்பிடும் வரை வாசலிலேயே நின்றார்கள். சம்பந்தியம்மா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். வேப்பிலைக் காப்பும் முதல் பச்சை வளையலும் மதினி போட்டார்கள். கை நடுங்கினதில் வளையல் விரல் முட்டியில் நின்றுவிட்டது, பாப்பாதான் கையைக் குவித்து உள்ளே வாங்கிக்கொண்டாள். அப்புறம் சம்பந்தியம்மா, அப்புறம் நான், அப்புறம் வரிசை. ஆளுக்கு இரண்டு வளையல் என்று முன்பே சொல்லிவிட்டதால் முக்கால் மணிக்குள் முடிந்தது. ஆறாம் மாதம் முடிகிற சமயத்திலேயே வெளிச் சத்தம் குழந்தைக்குக் கேட்கத் தொடங்கிவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கடைசியில் எல்லாரும் பேச்சை நிறுத்தினோம், அவள் இரண்டு கையையும் வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகக் குலுக்கினாள்.

சாப்பாடு ஐந்து கலந்த சாதம், வழக்கம் போல. அதற்கு இங்கே இடம் இல்லை.

சாயங்காலம் பாப்பாவைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்தோம். காரில் வரும்போதுதான் அவள் தலையில் இருந்த மல்லி வாய் திறக்க ஆரம்பித்தது. அனுப்பானடி வந்து சேர்ந்து, அவள் பாயில் சாய்ந்து படுத்த நேரத்துக்கு முழுதாக மலர்ந்து அறை முழுக்க மணம். மதினி அவள் பின்னலில் இருந்து சரத்தை எடுத்துத் தலைமாட்டில் ஒரு தட்டில் வைத்துவிட்டு, தன் தலையில் இருந்ததையும் எடுக்கப் போனார்கள். "இருக்கட்டும்மா" என்றாள் பாப்பா. எடுக்கவில்லை.

மறுநாள் வேலையும் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். செண்டையும் செவ்வந்தியையும் நூலை உருவிவிட்டுச் செடிக்கு உரமாகப் போடுங்கள், நூலோடு போட்டால் மக்காமல் கிடக்கும். வாழைத்தண்டை ஈர்க்குச்சி பிடுங்கிவிட்டு மாட்டுக்குக் கொடுத்தோம். சேலைகளில் மகரந்தம் ஒட்டியிருக்கும், ஈரக் கையால் தேய்த்தால் மஞ்சளாகப் படிந்துவிடும், முதலில் நன்றாக உதறுங்கள். அதன் பிறகு கல்லுப்புப் போட்ட தண்ணீரில் ஒரு அலசல், பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். திரும்ப மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்காதீர்கள், அந்தக் கோட்டில்தான் சேலை முதலில் கிழியும். அரக்குச் சேலையை நான் மடிக்கவில்லை, பாப்பா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள், தொட்டில் கட்டுவதற்கு.